பட்டனை அழுத்தினால் யார் வருவார்?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: “அம்மா திருமங்கலத்துல தனியாத்தான் இருக்காங்க. எஸ்ஓஎஸ் வாட்ச் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன். அமுக்கினா ஆம்புலன்ஸ் வந்துரும்.” அவர் வேலை பார்ப்பது பெங்களூரில். எந்த ஆம்புலன்ஸ், யார் சொல்லி, எந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படி நம்பியவன்தான். மதுரை புதூரில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு அவசரப் பட்டன் வாங்கிக் கொடுத்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஏழு மாதம் கழித்து ஒரு விடிகாலையில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். பால்காரம்மா வந்து சத்தம் கொடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். பட்டன் பீரோவுக்குள், வாங்கிய டப்பாவிலேயே, மேலே ஒரு பிளாஸ்டிக் பை சுற்றிப் பத்திரமாக இருந்தது. “புதுப் பொருளாச்சே, தண்ணி பட்டு வீணாப் போயிரக் கூடாதுன்னு எடுத்து வச்சேன்” என்றார். இடுப்பெலும்பு தப்பியது. வலது மணிக்கட்டுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஆறு வாரத்தில்தான் இந்தக் கருவிகள் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன என்று உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

டவுன் பஸ்ஸின் மணிக்கயிறு

பழைய டவுன் பஸ்களில் கூரையை ஒட்டி நீளமாக ஒரு கயிறு போகும். பின்னால் நிற்கும் கண்டக்டர் அதை இழுத்தால் டிரைவர் காதருகே மணி அடிக்கும். டிரைவர் வண்டியை நிறுத்துவார். இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. இழுக்கும் கை, நடுவில் போகும் கயிறு, மணியைக் கேட்டுப் பிரேக் போடும் டிரைவர். கயிறு நடுவில் அறுந்திருந்தால் கண்டக்டர் எவ்வளவு இழுத்தும் பயனில்லை. கயிறு நன்றாக இருந்து டிரைவர் சீட்டில் ஆள் இல்லையென்றாலும் அதே கதிதான்.

மருத்துவ அவசர அழைப்புக் கருவி என்பதும் இதேதான். முடியாமல் போன முதியவர், எண்ணைத் தேடாமல் பெயரைத் தேடாமல், ஒரே அழுத்தில் இன்னொருவருக்குச் சேதி சொல்லும் ஏற்பாடு அது. பட்டன், சேதி போகும் பாதை, மறுமுனையில் இருக்கும் ஆள் என்று அதற்கும் மூன்று பாகம். கடையில் நம் கண்ணுக்குத் தெரிவது பட்டன் மட்டும். விளம்பரமும் அதைத்தான் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு 1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பிறந்தது. அங்கே பட்டனோடு சேர்ந்தே கண்காணிப்பு மையமும் வந்தது. அதாவது, இருபத்து நான்கு மணி நேரமும் ஆட்கள் உட்கார்ந்து, அழைப்பு வந்தால் எடுத்துப் பேசி, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் அறை. நம் ஊருக்குப் பட்டன் வந்துவிட்டது. இங்கே ஆன்லைனில் வாங்கும் பெரும்பாலான கருவிகளின் பின்னால் அப்படி ஒரு அறை கிடையாது. நாம் பதிந்து வைத்த மூன்று நான்கு எண்களுக்கு அது போன் போடும், மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான். பந்தியில் கேட்ட அந்த வாக்கியம் பிறந்த இடம் இதுதான்.

தரையில் கிடக்கும் நேரம்

விழுவது ஒரு ஆபத்து என்றால், விழுந்தபின் எழ முடியாமல் கிடப்பது இரண்டாவது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலே மருத்துவர்கள் அதைத் தனியாகக் கவனிக்கிறார்கள். உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுத்தும்போது அங்கே தசை நசிந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். தோல் புண்ணாகும். தண்ணீர் குடிக்க வழியில்லாமல் உடம்பு வறளும். பக்கவாதமாக இருந்தால் கணக்கு இன்னும் கெடுபிடி. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆக, இந்தக் கருவியால் விழுவதைத் தடுக்க முடியாது. விழுந்ததற்கும் உதவி வருவதற்கும் நடுவில் உள்ள நேரத்தைத்தான் குறைக்க முடியும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2008-ல் வெளியானது. நீண்ட நேரம் தரையில் கிடந்தவர்களில் பலரிடம் அழைப்புக் கருவி இருந்திருக்கிறது. பெரும்பாலான சமயங்களில் அதை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. படித்தபோது அத்தையின் பீரோ ஞாபகம் வந்தது.

சேதி எந்த வழியாகப் போகிறது?

கருவிகள் பல பெயர்களில் வந்தாலும் பாதையை வைத்துப் பார்த்தால் மூன்றே வகைதான்.

முதலாவது, பட்டனும் பெட்டியும். வயர்லெஸ் காலிங்பெல்லைப் போன்றது. பட்டனுக்குள் சிம் கிடையாது. அழுத்தினால் ஒரு சின்ன ரேடியோ அலை கிளம்பும். கூடத்தில் இருக்கும் பெட்டி அதைப் பிடித்து, சிம் வழியாகவோ லேண்ட்லைன் வழியாகவோ வெளியே போன் போடும். பட்டன் செய்வது சின்ன வேலை என்பதால் அதன் பேட்டரி ஒன்றிரண்டு வருடம் தாங்கும். தினம் சார்ஜ் போட ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. என் பார்வையில் வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. குறை என்னவென்றால் தூரம். டப்பாவில் 100 மீட்டர் என்று போட்டிருந்தால் அது திறந்த மைதானத்துக்கான கணக்கு. மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் இரண்டைத் தாண்டினால் அலை சோர்ந்துவிடும். அப்புறம், அத்தை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் கிளம்பிவிட்டால் அந்தப் பட்டன் வெறும் டாலர்.

இரண்டாவது வகையில் சிம் கருவிக்குள்ளேயே இருக்கும். கழுத்து டாலராகவோ வாட்சாகவோ வரும். டவர் இருக்கும் இடமெல்லாம் வேலை செய்யும். ஆனால் தினமும், அல்லது சில நாளுக்கு ஒரு முறை சார்ஜ் போட வேண்டும். போனை மாதிரியே ரீசார்ஜும் உண்டு. 28 நாள் பிளான் முடிந்ததை யாரும் கவனிக்காவிட்டால் வெளியே போகும் அழைப்பு நின்றுபோகும், கருவியின் விளக்கு மட்டும் பச்சையாக மினுக்கிக்கொண்டிருக்கும். விலை குறைந்த கருவிகள் சில இன்னமும் 2ஜி மட்டும்தான். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது என்பதால் அவற்றில் ஜியோ சிம் எடுக்காது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தெருவில் நாலு கோடு காட்டும் சிக்னல் வீட்டுக்குள் ஒரு கோடாகும், குளியலறையில் அதுவும் போகும். எனவே எந்த கம்பெனி சிம் என்பதை உங்கள் விருப்பத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் குளியலறையை வைத்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது புளூடூத் பட்டன். அது போனுக்குச் சொல்லும், போன் வெளியே சொல்லும். போன் பத்துப் பதினைந்து அடிக்குள், சார்ஜோடு, அந்த ஆப் ஓடிக்கொண்டு இருக்க வேண்டும். அத்தையின் போன் பகலெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். இந்த வகையை அத்தோடு விட்டுவிட்டேன்.

கரண்டையும் மறக்கக் கூடாது. மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் பல சமயம் சாயங்காலம்தான் வரும். பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்க வேண்டும். வைஃபை வழியாகப் போகும் கருவி என்றால் கரண்ட் போனதும் ரவுட்டரும் படுத்துவிடும். இன்வெர்ட்டரில் ரவுட்டரையும் சேர்த்திருக்க வேண்டும்.

இதுவரை வந்ததை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடலாம். பட்டன், பாதை, ஆள் என மூன்று பாகம். பாதையில் வீட்டோடு இருப்பவருக்குப் பட்டனும் பெட்டியும் போதும். வெளியே போய்வருபவருக்குச் சிம் உள்ள கருவி. எதுவானாலும் சோதனை செய்யும் இடம் குளியலறை, கொல்லை, மொட்டை மாடிப் படி.

ஜிபிஎஸ் ஒரு ரேடியோப் பெட்டி

“ஜிபிஎஸ் இருக்கு, எங்க விழுந்தாலும் சாட்டிலைட் காட்டிக் குடுத்துரும்” என்பார்கள். சாட்டிலைட் யாரையும் பார்ப்பதில்லை. வீட்டில் ரேடியோவில் மதுரை வானொலி கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்பது நிலையத்துக்குத் தெரியுமா? தெரியாது. ஜிபிஎஸ் கருவியும் அப்படி, கேட்க மட்டும் செய்யும். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு சாட்டிலைட்டாவது கிடைத்தால், ஒவ்வொன்றின் சேதியும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதை மகனுக்குச் சொல்வதற்கு மறுபடியும் சிம்மும் டவரும் வேண்டும். டவர் இல்லாத இடத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்பது கருவிக்கு மட்டும் தெரியும்.

அதோடு, அந்த அலை காங்கிரீட் கூரையைத் தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிடும். வீட்டுக்குள் கருவி காட்டும் இடம் இரண்டு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். வீட்டோடு இருக்கும் அத்தைக்கு ஜிபிஎஸ் தேவையே இல்லை. வீடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். நடைக்குப் போய் வழி தவறும் மறதிக்காரருக்கு அது மிக அவசியம். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரைக் கூட்டத்துக்குள் நின்று போன் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டவர் இருந்தும் லைன் கிடைக்காத சங்கடம். அன்றைக்குக் கருவியை நம்பி விடாமல் கையைப் பிடித்துக்கொள்வதுதான் வழி.

விழுந்தால் தானாகத் தெரியுமா?

பொருட்காட்சியில் ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு வெறுமை வருமே, அந்த நொடியில் உடம்பு எடை குறைந்ததுபோல இருக்கும். கருவிக்குள் இருக்கும் முடுக்கமானி என்ற சின்னச் சில்லுக்கும் அந்த உணர்வு உண்டு. முடுக்கமானி என்றால் தன் மேல் விழும் இழுப்பையும் அதிர்வையும் அளக்கும் உணரி. சும்மா இருக்கும்போது அது பூமியின் இழுப்பை அப்படியே காட்டும். தடுப்பில்லாமல் விழும்போது அளவு பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். நின்றவர் விழுந்தால் இது அரை நொடி சமாச்சாரம். தரையில் மோதியதும் அளவு சட்டென்று ஏறும். அப்புறம் அசைவில்லை. இறக்கம், மோதல், அமைதி இந்த வரிசையில் வந்தால் “விழுந்துவிட்டார்” என்று கருவி முடிவு கட்டும். ஆப்பிள் வாட்சில் இந்த வசதி 2018-ல் வந்தது. பலமாக விழுந்ததாகத் தெரிந்து, சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லாவிட்டால் அது தானாகவே அவசர எண்ணை அழைக்கும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதானவர்கள் எப்போதும் மரம் சாய்வதுபோல விழுவதில்லை. தலை சுற்றியதும் கதவு நிலையைப் பிடித்து, முழங்கால் மடிந்து, சுவரோடு சறுக்கி உட்கார்ந்துவிடுவார்கள். அதில் இறக்கமும் இல்லை, மோதலும் இல்லை. கருவி சும்மா இருக்கும். இன்னொரு பக்கம், மணிக்கட்டில் வாட்சோடு துணியை ஓங்கிக் கல்லில் அடித்தால் மோதல் என்று பதறலாம். கருவியைப் பதற்றக்காரனாக வைத்தால் பொய் அலாரம், பொறுமைசாலியாக வைத்தால் கோட்டைவிடும். இரண்டையும் ஒரேயடியாகத் தீர்க்கும் அமைப்பு எதுவும் இல்லை. எனவே தானாகக் கண்டுபிடிப்பதைக் கூடுதல் வசதியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கையால் அழுத்தும் பட்டன் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாட்ச் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. சில வாட்சுகளில் உள்ள ஈசிஜி பார்ப்பது இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுகிறதா என்பதை மட்டும். நெஞ்சு வலிக்கும்போது “வாட்ச்ல நார்மல்னு காட்டுது” என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

கழுத்திலா, கையிலா, சுவரிலா?

வாட்சை அழுத்த இன்னொரு கைதான் வர வேண்டும். இடது மணிக்கட்டில் வாட்ச் கட்டியவருக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்தால் எந்தக் கையால் அழுத்துவார்? கழுத்து டாலரை எந்தக் கையாலும் அழுத்தலாம். அதன் கயிறு, எதிலாவது மாட்டி இழுபட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். கெட்டிச் சங்கிலியில் கோத்துக் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஐபி67 என்பார்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். அதற்குக் குறைந்ததைக் குளியலறைக்குள் அனுப்ப முடியாது.

அத்தையிடம் இதையெல்லாம் விளக்கினேன். “ஏன்டா, அங்கிட்டு கொழாயடிக்குப் போறப்பயும் இதை மாட்டிக்கிட்டுத்தான் அலையணுமா? பாக்குறவுக என்ன நினைப்பாக, கெழவிக்கு முடியலபோலன்னுதானே?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார். பகலில் வெற்றிலை பாக்கு இருக்கும் சுருக்குப்பையில் பட்டனும் இருக்கும். குளியலறைக்குச் சுருக்குப்பை போகாது என்பதால் அங்கே சுவரில் இன்னொரு பட்டன்.

எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் உயரத்தில் அளவெடுத்தார். “அண்ணே, நிக்கிற ஆளுக்கு இது தேவையில்லை, கீழ கெடக்குற ஆளுக்குத்தான்” என்றேன். யோசித்தவர், சட்டென்று தரையில் படுத்துக் கையை நீட்டிப் பார்த்து, ஒரு அடி உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார். நான் படித்த எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் காட்டவில்லை.

மறுமுனையில் யார்?

அத்தை முன்பு இருந்தது வளவு வீட்டில். ஆறு குடும்பம், ஒரு குழாயடி. காலை ஏழு மணிக்கு ஒரு கதவு திறக்கவில்லையென்றால் எட்டு மணிக்குள் யாராவது தட்டியிருப்பார்கள். கருவி எதுவும் தேவைப்படவில்லை. வளவு போய்த் தனி வீடு வந்தது. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டும் கிரில் கேட்டும் வந்தன. அந்தத் தட்டும் கையைத்தான் இப்போது நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் கருவியை எடுப்பதற்கு முன் ஆளை எடுங்கள். இரவு 2 மணிக்குப் போன் அடித்தால் பத்து நிமிடத்துக்குள் நடந்து வந்து கதவைத் திறக்கக் கூடியவர் யார்? முதல் எண் அவருடையது. மகனோ மகளோ வெளியூரில் இருந்தால் மூன்றாவது எண்ணாக இருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

வெளியூர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 108-ஐ அழைத்தால், நீங்கள் நிற்கும் மாநிலத்தின் மையம்தான் எடுக்கும். பெங்களூரில் இருந்து அழைத்தால் கர்நாடக மையம், துபாயில் இருந்து அழைத்தால் எதுவுமே இல்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 வண்டியைத் திருமங்கலத்து வீட்டுக்கு வரவழைக்க, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் அழைப்பதுதான் நம்பகமான வழி. அழைத்தால் என்ன ஆனது, எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்பார்கள். கருவி போடும் பதிவுக் குரல் அதற்கெல்லாம் பதில் சொல்லாது. ஆகவே கருவியின் முதல் எண்ணாக 108-ஐ வைக்காமல் மனிதரை வைப்பதுதான் சரி. 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் சிலர் அவசர எண்ணாகப் பதிந்து வைக்கிறார்கள். அது ஓய்வூதியம், சட்டம், கைவிடப்பட்டோர் உதவி போன்றவற்றுக்கு, காலை 8 முதல் இரவு 8 வரை. ஆம்புலன்ஸுக்கு அல்ல.

மாதச் சந்தா கட்டும் தனியார் சேவை வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல. இரவு 2 மணிக்கு எடுப்பவர் தமிழில் பேசுவாரா? மதுரையில் அவர்களுடைய ஆள் இருக்கிறாரா, அல்லது அவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குத்தான் போன் போடுவார்களா? பின்னது என்றால் அந்தப் போனை நாமே போட்டுக்கொள்ளலாம்.

அழைப்பு வரும் போன்களிலும் வேலை இருக்கிறது. கருவியின் எண்ணைப் பெயரோடு சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியாத எண் என்று வெட்டிவிடுவார்கள். இரவில் போனைச் சைலன்டில் போடும் பழக்கம் உள்ளவர், அந்த ஒரு எண் மட்டும் ஒலிக்கும்படி வைக்க முடியும்.

அப்புறம், கதவு. எல்லாம் சரியாக நடந்து, எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து, உள்தாழ் போட்ட கதவுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அத்தை வீட்டில் உள்தாழை எடுத்துவிட்டு, உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டுப் போட்டோம். ஒரு சாவி எதிர் வீட்டில். பட்டனை விடப் பூட்டுக்குத்தான் அத்தையைச் சம்மதிக்க வைக்க நாளானது.

செலவே செய்ய முடியாதவர்கள்கூட இன்றைக்கே செய்யக் கூடியது உண்டு. 2017 முதல் இந்தியாவில் விற்கும் போன்களில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ நீளமாக அழுத்திப் பிடித்தால் அவசர உதவி எண்ணான 112-க்கு அழைப்பு போகும். சில நூறு ரூபாய் வயர்லெஸ் காலிங்பெல் வாங்கி, பட்டனை அம்மாவிடமும் மணியை எதிர் வீட்டிலும் வைத்தால் அதுவும் பட்டன், பாதை, ஆள் மூன்றும் உள்ள ஏற்பாடுதான். அலை எதிர் வீட்டுக்கு எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது

எதை வாங்கினாலும் மாதத்துக்கு ஒரு முறை நிஜமாகவே அழுத்திப் பார்க்க வேண்டும். பேட்டரி, ரீசார்ஜ், சிக்னல், எதிர் வீட்டுக்காரரின் புது எண் எல்லாம் அந்த ஒரு அழுத்தில் தெரிந்துவிடும். தேதி குறித்துக் கொடுத்தால் அத்தைக்கு மறந்துபோகிறது. அமாவாசை மறப்பதில்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்ததும் சுருக்குப்பையைத் திறந்து அழுத்துகிறார். எதிர் வீட்டு அக்கா போனை எடுத்து, “என்ன பெரியம்மா, காக்கா வந்துருச்சா?” என்று கேட்கிறார். போன மாதம் யாரும் எடுக்கவில்லை. கரண்ட் பில் கட்டப் போயிருந்தாராம். இரண்டாவது எண்ணுக்குப் போய், அவரும் எடுக்காமல், மூன்றாவதாக எனக்கு வந்தது. ஆபீஸில் மீட்டிங்கை விட்டு வெளியே ஓடி வந்து எடுத்தேன். “உனக்கா வந்துச்சு? நீ ஏன்டா எடுத்த?” என்றார் அத்தை.